சின்னச் சொல் செய்யும் சேட்டை

ஆவுடையார்கோவில் கொடுங்கையைப் பார்த்து வியக்காதவர் இல்லை. கருங்கல்லை மரச்சட்டம் போலச் செதுக்கி, கம்பியையும் ஆணியையும்கூடக் கல்லிலேயே காட்டி, தாழ்வாரம் போல வளைத்து விட்டிருக்கிறார்கள். ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக மற்ற எந்த வேலையையும் செய்து தருவதாகத்தான் அந்தக் காலத்துச் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்களாம்.

அந்தக் கொடுங்கையின் கீழ் ஒரு வெளிநாட்டுப் பிரயாணி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் உள்ளூர் மாணவனுக்கு அதை அவருக்குக் காட்ட ஆசை. தமிழில் "இதைப் பாருங்கள்" என்றால் முடிந்தது காரியம். பையன் இங்கிலீஷில் 'லுக் திஸ்' என்கிறான். வந்தவர் கையைக் கண்டு புரிந்துகொண்டு அண்ணாந்து பார்த்து விடுவார். ஆனாலும் வாக்கியத்தில் ஒரு சொல் குறைகிறது. 'லுக் அட் திஸ்' என்பதுதான் சரி.

'அட்' என்ற அந்தச் சொல்லுக்கு இரண்டே எழுத்து. பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் நெட்டுருப் போட்டு வைத்திருக்கும் பையன் இந்த இரண்டெழுத்தில் சறுக்குகிறான். பையன் மட்டுமா? பட்டம் பெற்றவர்களும், உத்தியோகத்தில் இருப்பவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இங்கிலீஷ் படித்த ஆனைகளுக்கு அடி சறுக்கும் இடம் இதுதான்.

அட், டு, ஃபார், ஆஃப், ஆன், இன், வித், ஃப்ரம் முதலிய இந்தச் சின்னச் சொற்களுக்குப் பிரிப்பொசிஷன் என்று பெயர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து நிற்பதால் தமிழில் முன்னிடைச்சொல் என்கிறார்கள். எந்த வினைச்சொல்லுக்குப் பின் எந்த முன்னிடைச்சொல் வரும்? இதற்கு ஒரே சூத்திரமாக விடை கிடையாது. ஆனால் வழி உண்டு. அந்த வழி தமிழனுக்குப் புதியதும் அல்ல.

தமிழிலும் உண்டு இந்தச் சங்கதி

"கோயிலுக்குப் போனான்", "கோயிலை அடைந்தான்", "கோயிலில் நுழைந்தான்" என்ற மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். மூன்றிலும் கோயில் ஒன்றுதான். போன ஆளும் ஒருவன்தான். ஆனால் முதல் வாக்கியத்தில் 'கு' வந்தது. இரண்டாவதில் 'ஐ' வந்தது. மூன்றாவதில் 'இல்' வந்தது. ஏன்? வினைச்சொல் மாறியதுதான் காரணம். 'போ' என்ற வினை 'கு'வைக் கேட்கிறது. 'அடை' என்ற வினை 'ஐ'யைக் கேட்கிறது.

வாத்தியாரைப் பார்க்கிறான், வாத்தியாரிடம் கேட்கிறான், வாத்தியாருக்குப் பயப்படுகிறான். ஆவுடையார்கோவிலில் எந்தக் குழந்தையும் இதை மனப்பாடம் செய்தது கிடையாது. ஆனால் வெளியூர்க்காரர் ஒருவர் "வாத்தியாரில் பயந்தேன்" என்று சொன்னால், அதே குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். வினைக்கும் உருபுக்கும் உள்ள உறவு அதன் காதில் ஊறிப் போயிருக்கிறது.

இந்த உறவைத் தமிழ் இலக்கணக்காரர்கள் நுட்பமாகக் கவனித்தார்கள். தொல்காப்பியம் விளியோடு சேர்த்து வேற்றுமை எட்டு என்று வகுக்கிறது. அத்தோடு நிற்கவில்லை. ஓர் உருபு வரவேண்டிய இடத்தில் இன்னோர் உருபு வருவதையும், ஒன்றோடொன்று மயங்குவதையும் சொல்வதற்கென்றே வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் வைத்தது. உருபு கணக்குப்போல் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் இப்படி உருபுகள் உண்டு. ஏறக்குறைய 1,000 வருஷங்களுக்கு முன் அந்த மொழியில் பெயர்ச்சொல்லின் கடைசியில் வேற்றுமைக்கு ஏற்றபடி விகுதி மாறிக்கொண்டிருந்தது. நாளடைவில் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. 'ஹி', 'ஹிம்', 'ஹிஸ்' என்று இன்றும் மாறும் சொற்கள் அந்தப் பழைய வீட்டில் மிஞ்சி நிற்கும் தூண்கள். விகுதி போன இடத்துக்கு வேலை செய்ய ஆள் வேண்டாமா? அந்த வேலையில் பெரும் பங்கு முன்னிடைச்சொற்களின் தலையில் விழுந்தது. தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. இங்கிலீஷில் சின்னச் சொல் முன்னால் தனியே நிற்கிறது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இந்த வேறுபாட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

ஓர் உருபுக்கு ஒரு சொல் கிடையாது

தவறு தொடங்கும் இடம் எது? 'கு' என்றால் 'டு', 'இல்' என்றால் 'இன்', 'ஆல்' என்றால் 'பை' என்று பள்ளிப் பருவத்திலேயே ஒரு பட்டியல் மனசில் பதிந்து விடுகிறது. பட்டியல் பாதி தூரம் வரும். அதற்குமேல் நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விடும்.

'ஆல்' உருபையே எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கோயில் தூண் சிற்பியால் செதுக்கப்பட்டது, உளியால் செதுக்கப்பட்டது. தமிழில் இரண்டுக்கும் 'ஆல்'தான். இங்கிலீஷில் சிற்பிக்கு 'பை' வரும். உளிக்கு 'வித்' வரும். செய்தவன் வேறு, கருவி வேறு என்று அந்த மொழி பிரித்து விடுகிறது.

'இடம்' என்பது இன்னும் வேடிக்கை. "கடவுளிடம் வேண்டினான்" என்பதற்கு 'ப்ரே' என்ற வினையோடு 'டு' வரும். "அண்ணனிடம் கடன் வாங்கினான்" என்றால் 'பாரோ' என்ற வினையோடு 'ஃப்ரம்' வரும். "அண்ணனிடம் கேட்டான்" என்றால் 'ஆஸ்க்' என்ற வினைக்குப் பின் ஒன்றுமே வராது. 'ஆஸ்க் டு ஹிம்' என்பது தமிழ் வேஷம் கலைக்காமல் வந்த இங்கிலீஷ்.

ஆகவே, "இந்தத் தமிழ் உருபுக்கு இங்கிலீஷில் என்ன?" என்று கேட்பதே தப்பான கேள்வி. "இந்த வினைக்கு யார் துணை?" என்று கேட்க வேண்டும்.

மூன்று வகைச் சறுக்கல்

தமிழ் மாணவர்கள் இந்த விஷயத்தில் செய்யும் தவறுகளை மூன்று வகையாகப் பிரித்து விடலாம்.

முதல் வகை, வேண்டிய சொல்லை விடுவது. தமிழில் 'ஐ' உருபு வரும் இடங்களிலேயே இது அதிகம். கொடுங்கையைப் பார்ப்பதற்கு 'லுக்' என்ற வினையோடு 'அட்' வேண்டும். ஓதுவார் பாடும் திருவாசகத்தைக் கேட்பதற்கு 'லிஸன்' என்ற வினையோடு 'டு' வேண்டும். கண்மாய்த் தண்ணீரை நம்பி விவசாயம் நடக்கிறது என்று சொல்ல 'டிபென்ட்' என்ற வினையோடு 'ஆன்' வேண்டும். இந்த மூன்றும் துணையில்லாமல் வெளியே புறப்படாத வினைகள்.

இரண்டாம் வகை, வேண்டாத சொல்லைச் சேர்ப்பது. படித்தவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். அறந்தாங்கியில் பஸ் ஏறியவர் ஆவுடையார்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். 'ரீச்' என்ற வினையைப் போட்டால் பின்னால் 'டு' வரக்கூடாது. நேரே ஊர்ப் பெயர்தான். கோயிலுக்குள் நுழைந்தார். 'என்டர்' என்ற வினைக்குப் பின் 'இன்டு' வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் ஆனித் திருமஞ்சனத் திருவிழாவைப் பற்றி விவாதித்தார்கள். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' போடுவது தவறு. 'பற்றி' என்ற தமிழ்ச் சொல் அங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பலரும் கவனிக்காதது அது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குத் துணை வேண்டாம். ஆனால் 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்குப் பின் 'அபௌட்' வரலாம். 'ரிக்வெஸ்ட்' என்பது வினையாக நின்றால் 'ஃபார்' வேண்டாம். பெயராக நின்றால் 'ஃபார்' வேண்டும். 'அன்ஸர்' என்பது வினையாக இருந்தால் கேள்வியை நேரே தொடும். பெயராக இருந்தால் நடுவில் 'டு' வரும். 'எம்ஃபஸைஸ்' என்ற வினைக்கு 'ஆன்' கூடாது. 'எம்ஃபஸிஸ்' என்ற பெயருக்கு 'ஆன்' உண்டு. பெயருக்கு உரிய துணையை வினைக்குக் கட்டிவைப்பதால் வரும் குழப்பம் இது. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டாலே பாதித் தவறு குறையும்.

'என்டர்' என்ற வினைக்கு ஒரு விலக்கு உண்டு. ஒப்பந்தம், உடன்படிக்கை ஆகியவற்றில் இறங்கும்போது மட்டும் 'என்டர் இன்டு' என்பது சரி. கோயிலுக்குள் நுழைய 'இன்டு' வேண்டாம். கோயில் வேலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ள 'இன்டு' வேண்டும்!

மூன்றாம் வகை, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுவது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். தமிழில் 'கு' இருக்கிறதே என்று 'வெயிட் டு' என்றால் தவறு. 'வெயிட் ஃபார்' என்பதே சரி. பரீட்சையில் தேறியதற்காக ஒருவரைப் பாராட்டும்போது, 'காக' என்பதை நினைத்து 'ஃபார்' போடக்கூடாது. 'காங்கிராச்சுலேட்' என்ற வினைக்கு 'ஆன்' துணை. 'அரைவ்' என்ற வினைக்கு ஊரைப் பார்த்துத் துணை மாறும். ஆவுடையார்கோவிலுக்கு வந்து சேர்ந்தால் 'அட்'. சென்னை போன்ற பெரிய நகரத்துக்கோ இந்தியாவுக்கோ வந்து சேர்ந்தால் 'இன்'.

குற்றம் சாட்டுவதைப் பாருங்கள். 'அக்யூஸ்' என்ற வினைக்கு 'ஆஃப்'. 'சார்ஜ்' என்ற வினைக்கு 'வித்'. 'பிளேம்' என்ற வினைக்கு 'ஃபார்'. ஏறக்குறைய ஒரே கருத்து, மூன்று வினை, மூன்று துணை. தர்க்கம் பேசி இதை வெல்ல முடியாது. 'டிபென்ட்' என்ற சொல்லின் மூலத்தைத் தேடி லத்தீன் மொழிக்குப் போனால், 'ஒன்றிலிருந்து தொங்குவது' என்று பொருள் கிடைக்கிறது. அப்படியானால் 'ஃப்ரம்' அல்லவா வரவேண்டும்? ஆனால் வருவது 'ஆன்'. வழக்கு என்ற ராஜாவுக்கு முன் தர்க்கம் கை கட்டி நிற்கிறது.

பொருளே புரண்டுவிடும்

"சின்னச் சொல்தானே, மாறினால் என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. பல இடங்களில் ஒன்றும் ஆகாது, கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் சில இடங்களில் சொல் மாறினால் செய்தியே புரண்டுவிடும்.

'லுக்' என்ற வினையின் குடும்பத்தைப் பார்க்கலாம். 'லுக் அட்' என்றால் பார்ப்பது. 'லுக் ஃபார்' என்றால் தேடுவது. 'லுக் ஆஃப்டர்' என்றால் பராமரிப்பது. 'லுக் இன்டு' என்றால் விசாரிப்பது. வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் மகன், தகப்பனாரைக் கவனித்துக்கொள்ளும்படி நண்பருக்கு எழுத நினைக்கிறான். 'ஆஃப்டர்' என்பதற்குப் பதில் 'ஃபார்' விழுந்துவிட்டால், தகப்பனாரைக் காணோம் என்று அர்த்தமாகிவிடும். நண்பர் வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவரை ஊரெல்லாம் தேட வேண்டியதுதான்! இந்தியாவில் 2013-இல் தந்தி நின்றுபோகும் வரை, சொல்லுக்குச் சொல் காசு என்பதால் சின்னச் சொற்களை உதறிவிட்டுத் தந்தி அடிப்பது வழக்கம். ஆனால் இந்த 'ஆஃப்டர்' போன்ற சொல்லை உதறினால் காசு மிஞ்சும், சேதி மிஞ்சாது.

'த்ரோ' என்றால் எறிவது. 'டு' சேர்த்தால், பிடித்துக்கொள்ளட்டும் என்று ஒருவரிடம் போடுவது. 'அட்' சேர்த்தால், அடிபடட்டும் என்று ஒருவர்மேல் எறிவது. 'ஷவுட்' என்ற வினையும் அப்படித்தான். 'ஷவுட் டு' என்றால் தூரத்தில் இருப்பவர் காதில் விழும்படி கூப்பிடுவது. 'ஷவுட் அட்' என்றால் சத்தம் போட்டுத் திட்டுவது. 'டு' நட்பு, 'அட்' சண்டை.

ஜவுளி வியாபாரி ஜவுளியில் வியாபாரம் செய்வது 'டீல் இன்'. வாடிக்கைக்காரரிடம் நடந்துகொள்வது 'டீல் வித்'. நண்பனைப் பிரிவது 'பார்ட் ஃப்ரம்'. கையில் இருக்கும் பணத்தைப் பிரிவது 'பார்ட் வித்'. ஒருவர் சொல்வதை நம்புவதற்கு 'பிலீவ்' என்ற வினை தனியே போதும். கடவுள் உண்டு என்று நம்புவதற்கு 'பிலீவ் இன்' வேண்டும்.

உத்தியோகத்துக்கு மனுப் போடும் இளைஞனுக்கு இதில் கண் வேண்டும். 'அப்ளை' என்ற வினைக்கு இரண்டு துணை. வேலைக்கு 'ஃபார்', மனுவை வாங்கும் அலுவலகத்துக்கு 'டு'. தமிழில் வேலைக்கும் 'கு', அலுவலகத்துக்கும் 'கு' என்பதால் இரண்டுக்கும் 'டு' போட்டு விடுகிறார்கள். மனுவின் முதல் வரியே இது. முதல் வரியில் தடுக்கினால், அடுத்த வரிகளில் இருக்கும் தகுதியைப் படிப்பவர் குறைத்து மதிப்பிட்டு விடலாம். பையனிடம் திறமை இல்லாமல் இல்லை. அவனுக்காகச் சிபாரிசு சொல்லவேண்டிய சின்னச் சொல் தடம் மாறி விட்டது.

எதிர்த்திசையில் வந்தவர்

ஆவுடையார்கோவிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மந்திரி, குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு மாணிக்கவாசகரான தலம் இது என்பது வரலாறு. சிவபுராணம், திருச்சதகம் முதலிய திருவாசகப் பகுதிகள் இங்கே அருளப்பட்டவை என்பது மரபு.

அந்தத் திருவாசகத்தை முழுதும் இங்கிலீஷில் பெயர்த்து 1900-இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டவர் ஜி.யு. போப். 1820-இல் பிறந்து, 1839-இல் சென்னைக்கு வந்து, போப்பையர் என்று தமிழர்களால் அழைக்கப்பட்டவர். நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 80. திருக்குறளையும் நாலடியாரையும் அதற்கு முன்பே பெயர்த்திருந்தார். ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்கான இலக்கணக் கையேடுகளையும் எழுதினார்.

தமிழ் மாணவனுக்கு இங்கிலீஷில் இருக்கும் சிரமம் தமிழ் கற்க வந்த ஆங்கிலேயருக்குத் தமிழில் உண்டு. "எனக்குப் பசிக்கிறது" என்பதில் 'எனக்கு' ஏன்? "என்னால் முடியும்" என்பதில் 'ஆல்' ஏன்? இங்கிலீஷில் இரண்டுக்கும் 'ஐ' என்று எழுவாயாகவே சொல்லி விடுவார்கள். எந்த முன்னிடைச்சொல்லும் கிடையாது. உருபுக்கு உருபு பெயர்த்தால் இரண்டு பக்கமும் வாக்கியம் நிற்காது. ஒரு மொழியின் வழக்கை இன்னொரு மொழியின் முழத்தால் அளக்க முடியாது என்பது, இந்தப் பக்கமிருந்து போகிறவருக்கும் அந்தப் பக்கமிருந்து வருகிறவருக்கும் பொது.

கற்கும் வழி

இந்தச் சிரமத்துக்கு ஒரு வழி ஜப்பானிலிருந்து வந்தது. ஜப்பானிய மொழியிலும் தமிழைப்போல உறவு காட்டும் இடைச்சொல் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆகவே அவர்களுக்கும் இதே கஷ்டம். 1924-இல் ஜப்பானுக்கு இங்கிலீஷ் கற்பிக்கப் போன ஏ.எஸ். ஹார்ன்பி இதை நேரில் கண்டார். வேறு இருவரோடு சேர்ந்து அவர் தயாரித்த அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. சொல்லுக்கு அர்த்தம் கூறுவதோடு, ஒவ்வொரு வினையும் எந்த அமைப்பில் வரும் என்பதையும் அது காட்டியது. 1948-இல் ஆக்ஸ்போர்டு அதை மறுபடி வெளியிட்டது. உலகெங்கும் மாணவர்கள் கையில் இருக்கும் ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதி அதன் வழிவந்ததே.

சென்னை ராஜ்யத்திலும் ஒரு பெரு முயற்சி நடந்தது. 1959-இல் தொடங்கிய அந்த இயக்கம், தொடக்க நிலையில் இங்கிலீஷ் கற்பிக்கும் சுமார் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிப்பதை நோக்கமாகக் கொண்டது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் மூலம் பலருக்கு என்று உருண்டு பெருத்ததால் 'சென்னைப் பனிப்பந்து' என்ற பெயரும் அதற்கு ஏற்பட்டது. இலக்கண விதியை ஒப்பிக்கச் செய்வதைவிட, வாக்கிய அமைப்பைச் செய்கையோடு சேர்த்துப் பழக்குவதே அந்த முறையின் உயிர்நாடி.

இந்த இரண்டிலிருந்தும் கிடைக்கும் பாடம் ஒன்றுதான். வினையைத் தனியே படிக்காதே. துணையோடு சேர்த்துப் படி. நோட்டுப் புத்தகத்தில் 'வெயிட்' என்று மட்டும் எழுதி அதற்கு நேரே 'காத்திரு' என்று எழுதினால் பாதிப் பாடந்தான் ஆயிற்று. 'வெயிட் ஃபார்' என்று ஒரே சொல்லைப் போல எழுத வேண்டும். துணை வேண்டாத வினைக்கு நேரே ஒரு கோடு போட்டு, 'ஒன்றும் வராது' என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு, ஒவ்வொரு வினைக்கும் சொந்த ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதிப் பார்ப்பது நல்லது. லண்டன் பாலத்தைப் பற்றிய வாக்கியத்தைவிட, அறந்தாங்கி பஸ்ஸைப் பற்றிய வாக்கியம் மறக்காது. ஒரு நாளைக்கு மூன்று வினை போதும். ஒரு மாதத்தில் 90 வினை ஆகிவிடும். அன்றாடப் பேச்சுக்கும் கடிதத்துக்கும் அது நல்ல மூலதனம். சந்தேகம் வந்தால் கற்போர் அகராதியில் அந்த வினையைத் தேடிப் பார்த்தால், உதாரண வாக்கியத்திலேயே துணை நிற்கும். பரீட்சைக்காகக் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகுவது நல்லதுதான். ஆனால் முழு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால்தான் அது காதில் ஊறும்.

ஒன்று மட்டும் கூடாது. துணைச்சொல் தப்பிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வது கூடாது. தமிழ் பேசத் தொடங்கிய குழந்தை எத்தனை உருபுகளைத் தப்பாகச் சொல்லித் திருந்தியது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. பேசுகிறவன் இன்று தவறினாலும் நாளைக்குத் திருந்துவான். பேசாதவனுக்குத் திருந்த வழியே இல்லை. கூச்சத்தை விட்டு, வினையையும் துணையையும் கையோடு கை கோத்து நடக்க விட்டால், சின்னச் சொல்லின் சேட்டை தானே அடங்கிவிடும்.